பன்னிரண்டு தகரம்

க்வாசிலோ என்ற ஊரில் இருந்த 'திறந்த கரம்' அறப்பணி நிலையத்துக்கு இரண்டு வாசல்கள். முன்வாசல் கொடுக்கிறவர்களுக்கு, பக்கவாசல் வாங்குகிறவர்களுக்கு. கொடுக்கிறவர்கள் சிவப்பு டி-ஷர்ட் போட்டிருப்பார்கள், வாங்குகிறவர்கள் மஞ்சள். ஆளைப் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை, சட்டையைப் பார்த்தால் போதும் என்பது நிலையத்தின் கொள்கை.

இரண்டு வாசலுக்கும் இரும்பு கேட் செய்து மாட்டியவர் ஆல்ஃபியஸ் செலே. ரயில்வே பட்டறையில் முப்பத்தொரு வருடம் இரும்பு வளைத்து ஓய்வு பெற்றவர். ஆறு வருடமாக நிலையத்தில் சம்பளமில்லாத் தொண்டர். சொட்டும் குழாய், ஆடும் மேசை, பாஸ்டரின் கார் கதவு, எல்லாம் அவர் கையில்தான் சரியாகும். சிவப்பு டி-ஷர்ட்டைத் துவைத்து இஸ்திரி போட்டு, சர்ச்சுக்குப் போகிறவர் போலப் போவார். ஒரு வாய்த் தேநீர்கூட அங்கே அவர் குடித்ததில்லை.

போன நவம்பரில் அடித்த ஆலங்கட்டி மழை அவர் வீட்டு முன்னறைக் கூரையை உடைத்துப் போட்டது. மேலே தார்ப்பாய் விரித்துச் செங்கல் வைத்திருந்தார். ஓய்வூதியத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தார். ஜூன் மாதம் ம்தெம்பு குடும்பத்திடமிருந்து கடிதம் வந்தது. ஜூலை இரண்டாம் சனிக்கிழமை காலை உங்கள் மகள் நொக்வாண்டாவைக் கேட்டு வருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். நொக்வாண்டாவுக்கு இருபத்தொன்பது வயது, அரசு மருத்துவமனையில் நர்ஸ். மாப்பிள்ளை சாபெலோ அதே மருத்துவமனையில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். தூது வருகிறவர்களுக்குத் தலைவர் மாப்பிள்ளையின் பெரியப்பா ஜாஃபெட் ம்தெம்பு. அந்த ஊரில் பாதிப் பேருக்கு எழுத்தறிவித்த தலைமை ஆசிரியர்.

அப்பேர்ப்பட்டவர் முன்னறை சோபாவில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேல் தார்ப்பாயும் அதன் ஓரத்து இடுக்கில் வானமும் தெரியும். அதற்குப் பிறகு அந்த அறையில் எந்த வாயால் பெண்ணுக்குப் பரிசமாகப் பத்து மாடும் தாய்க்கு ஒரு மாடும் கேட்பது?

நிலையத்தின் பின்கொல்லையில் நாற்பது புதுத் தகரங்கள் கிடந்தன. இரண்டு வருடத்துக்கு முன் வெளிநாட்டுச் சர்ச் ஒன்று அனுப்பியவை. இறக்கி அடுக்கியதே ஆல்ஃபியஸ்தான். பன்னிரண்டு போதும் என்று அளந்துகொண்டு தேவை மதிப்பீட்டு அதிகாரியிடம் போனார். அதிகாரி தாண்டேகா. மூன்று தெரு தள்ளிப் பிறந்தவள். அவள் அப்பாவின் சவப்பெட்டிக்குக் கைப்பிடி போட்டுக் கொடுத்தவர் ஆல்ஃபியஸ்.

"பாபா, நீங்க தொண்டர். தொண்டருக்குத் தேவை இருக்கக் கூடாது" என்றாள் தாண்டேகா.

"எனக்கு ஒரு தேவையும் இல்லம்மா. கூரைக்குத்தான்."

"கூரை யாரோடது?"

"என்னோடது."

"அப்ப தேவையும் உங்களோடதுதான். தொண்டர் படிவத்துல 'உங்கள் தேவை'ன்னு கட்டமே இல்ல பாபா. பயனாளி படிவத்துல மூணு பக்கம் இருக்கு."

"கடனா குடு. வருஷக் கடைசில புதுசா வாங்கி அடுக்கிடறேன்."

"ஐயோ, கடனா? இது என்ன கடையா? இங்க அன்பு மட்டும்தான்" என்று அவள் படிவத்தை நகர்த்தினாள். "சிவப்பக் குடுத்துட்டு மஞ்சள வாங்கிக்கோங்க. வெறும் நிறம்தானே பாபா."

ஆல்ஃபியஸ் யோசித்தார். மகள் முகம் நினைவுக்கு வந்தது, ஜாஃபெட் ம்தெம்பு நிமிர்ந்து பார்ப்பதும் நினைவுக்கு வந்தது. கையெழுத்துப் போட்டார். முன்வாசலுக்கு வந்தபோது காவலாளி கையை நீட்டி மறித்தான். தினமும் அவருக்கு வணக்கம் சொல்கிறவன்தான்.

"பக்கவாசல், பாபா. மஞ்சள் பக்கவாசல்."

அந்த வாசலின் கீல் கிறீச்சிட்டது. எண்ணெய் போடுகிற தொண்டர் ஐந்து நிமிடத்துக்கு முன்தான் வேலையை விட்டிருந்தார்.

மறுநாள் தாண்டேகா அட்டையும் பேனாவுமாக வீட்டுக்கு வந்தாள். எழுபது புள்ளி எடுத்தால் ஏழை. அதற்குக் கீழே எடுத்தால், அவள் சொன்னபடி, 'முயற்சி போதாது'.

"சோபா இருக்கே" என்றாள்.

"உக்காரத்தான்" என்றாள் ஆல்ஃபியஸின் மனைவி மாஸோன்டி.

"ஏழை வீட்ல சோபாவப் பாத்தா வர்றவங்க மனசு ஒடிஞ்சுடும் மா. அவ்வளவு தூரம் ப்ளேன்ல வர்றாங்க. மைனஸ் எட்டு. கண்ணாடி அலமாரி மைனஸ் ஆறு. இது யாரு, நொக்வாண்டாவா? பட்டமளிப்புப் போட்டோ. ஐயய்யோ, இது நம்பிக்கைல வரும். மைனஸ் பதினஞ்சு. பைபிள் இருக்கு, ப்ளஸ் அஞ்சு. கிழிஞ்சது எதுவும் இல்லையா? கிழிஞ்சதுன்னா பத்து."

"நாங்க கிழிக்கறதில்ல. படிக்கறோம்" என்றாள் மாஸோன்டி.

வாசற்படிக்கு மேலே மாட்டுக் கொம்பு செருகியிருந்தது. ஆல்ஃபியஸின் தகப்பனார் மறைந்த வருடம் அவருடைய ஆவியை வீட்டுக்கு அழைத்துவர அறுத்த காளையின் கொம்பு. தாண்டேகா அதைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டாள். "இத இறக்கிடுங்க. பாஸ்டர் இத விக்கிரகம்னு சொல்வாரு."

"உங்க வீட்லயும் இருக்கே, தாண்டேகா."

"எங்க வீடு பயனாளி வீடு இல்லையே, பாபா." அவள் நாயைப் பார்த்தாள். "நாய் கொழுத்திருக்கு, மைனஸ் ரெண்டு." பிறகு ஆல்ஃபியஸை மேலும் கீழும் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "உண்மையச் சொல்லணும்னா பாபா, பெரிய குறையே நீங்கதான். புருஷன் உயிரோட, கைகால் நல்லா, ஓய்வூதியத்தோட. விதவை வீடுன்னா எடுத்த எடுப்புல முப்பது புள்ளி."

"ஒரு ரெண்டு நாள் அவகாசம் குடு தங்கச்சி, ஏற்பாடு பண்றேன்" என்றாள் மாஸோன்டி. தாண்டேகா அதையும் எழுதிக்கொண்டாள்.

மொத்தம் முப்பத்தொன்று வந்தது. சோபாவும் அலமாரியும் பக்கத்து வீட்டுக்குப் போயின. பட்டமளிப்புப் போட்டோ கட்டிலுக்கு அடியில் போயிற்று. கொம்பை ஆல்ஃபியஸே ஏணி போட்டு இறக்கி, துணியில் சுற்றி, தகப்பனாரிடம் மன்னிப்புக் கேட்டுப் பின்னறையில் வைத்தார். நாயைக் கட்டிப்போட்டுப் பாதி வயிற்றுக்குச் சோறு வைத்தார்கள். வாரக் கடைசியில் புள்ளி எழுபத்திரண்டு. தாண்டேகா கைகுலுக்கி, "வாழ்த்துகள் பாபா, நீங்க ஏழை ஆயிட்டீங்க" என்றாள்.

மஞ்சள் டி-ஷர்ட்காரர்களுக்கு மூன்று நாள் நன்றிப் பயிற்சி நடந்தது. எந்த நேரத்தில் கண் கலங்க வேண்டும், எந்த நேரத்தில் சிரிக்கக் கூடாது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். பெரியவர்கள் முன்னால் கண்ணைத் தாழ்த்துவது எங்கள் மரியாதை. மேடையில் நின்ற பாஸ்டருக்கு முன் ஆல்ஃபியஸ் வழக்கம்போலக் கண்ணைத் தாழ்த்தினார். பயிற்சியாளர் ஓடிவந்து எல்லோருக்கும் அவரைக் காட்டினார். "பாருங்க, இதுதான் வறுமையின் வெட்கம்! இதை அப்படியே வெச்சுக்கோங்க, பாபா. கேமரா பக்கம் மட்டும் கொஞ்சம் திரும்பிக்கோங்க."

நிலையத்தின் தலைவர் பாஸ்டர் கிளைவ் பென்ரோஸ் ஆங்கிலத்தில் உரையாற்றினார். அவர் நல்லவர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதை அவரே அடிக்கடி சொல்லுவார்.

"நண்பர்களே, தகரத்தை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். கடைக்காரன்கூடக் கொடுப்பான். நாங்கள் கொடுப்பது உறவு. பத்தொன்பது வருடத்துக்கு முன் நான் இங்கே வந்தபோது என் கையில் ஒன்றுமில்லை. உங்களுக்காக என்னையே கொடுத்தேன். இன்று எனக்கு ஒரு வீடு, இரண்டு வண்டி, கடற்கரையில் சின்னதாக ஓர் இடம். கொடுத்தால் பெருகும் என்பதற்கு நானே சாட்சி! நீங்களும் கொடுக்க ஆரம்பிக்க வேண்டும்."

ஆல்ஃபியஸ் கை தூக்கினார். "பாஸ்டர், ரெண்டு வருஷமா அந்தத் தகரம் அங்கேயே கிடக்குதே?"

"சரியான உறவுக்காகக் காத்திருக்கிறது" என்றார் பாஸ்டர். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டுவது பயிற்சியின் இரண்டாம் பாடம்.

வெளிநாட்டுத் தொண்டர்கள் திங்கட்கிழமை வந்து கூரை போடுவதாக ஏற்பாடு. சனிக்கிழமைக்குள் தகரத்தை மட்டும் கொடுத்துவிடுங்கள், நானே போட்டுக்கொள்கிறேன் என்று ஆல்ஃபியஸ் தினமும் போய்க் கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் தாண்டேகாவே தேடி வந்தாள்.

"நல்ல செய்தி பாபா. திங்கட்கிழமை அவங்க சிங்கம் பாக்கப் போறாங்க. அதனால நாளைக்குக் காலைலயே வந்துடறாங்க. காலை வெளிச்சத்துல படமும் நல்லா வரும்."

"நாளைக்கா? நாளைக்கு என் பொண்ணக் கேட்டு வர்றாங்கம்மா!"

தாண்டேகா படிவத்தைப் பார்த்தாள். "'சமூகப் பங்கேற்பு: உண்டு'. இதுக்கு அஞ்சு புள்ளி, பாபா."

"சரி, கூரையாவது நாளைக்கு ஏறுமா?"

"ஏணில ஏற அவங்களுக்கு இன்சூரன்ஸ் இல்ல. சுவருக்கு வர்ணம் அடிப்பாங்க. தகரம் ரெண்டாம் கட்டம்."

"எனக்கு வேண்டாம். ஒண்ணும் வேண்டாம். நான் விலகிக்கறேன்."

"விலகலாமே. விலகல் படிவம் ஆபீஸ்ல இருக்கு. ஆபீஸ் திங்கட்கிழமைதான் திறக்கும்." அவள் கொஞ்சம் யோசித்தாள். "திங்கட்கிழமை எல்லாரும் சிங்கம் பாக்கப் போயிடுவோம்."

ஆல்ஃபியஸ் சோபாவைத் திரும்ப எடுத்துவரப் பக்கத்து வீட்டுக்கு ஓடினார். பக்கத்து வீட்டுக்காரர் துக்கத்துக்காக வீட்டைப் பூட்டிக்கொண்டு டர்பன் போயிருந்தார். சர்ச்சிலிருந்து இரண்டு பெஞ்சு கடன் வாங்கிப் போட்டார். கொம்பை மட்டும் மறுபடியும் வாசலுக்கு மேலே செருகினார்.

சனிக்கிழமை காலை. எங்கள் ஊரில் ஜூலை குளிர்காலம், புல்லெல்லாம் உறைபனி. சூரியன் மேலே வந்த நேரத்துக்கு நான்கு பேர் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்கள். கறுப்புக் கோட்டு, தொப்பி, கையில் தடி. ஜாஃபெட் ம்தெம்பு தொண்டையைச் செருமிக்கொண்டு, செலே குலத்தாரை அவர்களுடைய முன்னோர் பெயரால் அழைத்தார்.

"என்டோசி! மகாயேயின் வழி வந்தவரே! நாங்க ம்தெம்பு வீட்டுக்காரங்க. வாசல்ல நிக்கறோம். உங்க வீட்டு வெளிச்சத்துல கொஞ்சம் கேட்டு வந்திருக்கோம்!"

இப்படிக் கூப்பிட்டால் உடனே கதவு திறக்காது. பெண்வீட்டார் காக்க வைப்பார்கள். எவ்வளவு நேரம் நிற்கிறார்களோ அவ்வளவுக்குப் பெண்ணுக்கு மதிப்பு. பதில் வராமல் நகர்ந்தால் பெண் வேண்டாம் என்று ஆகிவிடும், அதனால் அவர்கள் நகரவும் மாட்டார்கள். பெண்ணைப் பெற்றவன் அந்தப் பேச்சில் முகம் காட்டக் கூடாது. ஆல்ஃபியஸ் சூட்டு கோட்டோடு பின்னறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முன்னறைப் பெஞ்சில் அவருடைய அண்ணன் எப்ராயீம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, காது மட்டும் வெளியே தெரிய, ராஜாவைப் போல இருந்தார்.

"நிக்கட்டும். நம்ம பொண்ணு நர்ஸு. ஒரு கூப்பாட்டுக்கெல்லாம் திறக்கற கதவு இல்ல இது" என்றார்.

அப்போது பேருந்து வந்தது. பத்தொன்பது சிவப்பு டி-ஷர்ட்டுகள் இறங்கின. அவர்களுக்குத் தலைவி ஹெய்டி. பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தவள், மூன்று வாரத்துக்குப் புனிதை. அவள் கண்ணில் முதலில் பட்டது குளிரில் நடுங்கிக்கொண்டு, மூடிய கேட்டைப் பார்த்துக் கூவிக்கொண்டிருந்த நான்கு கிழவர்கள்.

"கடவுளே! யாருமே கதவத் திறக்கலையா இவங்களுக்கு?" அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கால அட்டவணைப்படி கண்ணீர் பதினொரு மணிக்குத்தான்.

அதற்கப்புறம் எல்லாம் விரைவாக நடந்தது. நான்கு கோட்டுகளிலும் எண் ஒட்டினார்கள். கோட்டுக்கு மேலே மஞ்சள் டி-ஷர்ட்டை மாட்டிவிட்டார்கள். குவளையில் சூப்பு ஊற்றி, குழந்தைக்குக் கொடுப்பதுபோல விரல்களை மடக்கிப் பிடிக்க வைத்தார்கள். கேட்டில் ஒரு பலகை தொங்கியது: 'இந்தக் குடும்பத்திடம் ஒன்றுமே இல்லை. உங்களால் இனி இருக்கும்.'

"சூ...ப்பு" என்றாள் ஹெய்டி, ஜாஃபெட்டின் முகத்துக்கு நேரே. "சூ...டு. நல்...லா இருக்கும்."

"அம்மையீர்," என்று ஜாஃபெட் பிசிறில்லாத ஆங்கிலத்தில் சொன்னார், "நாங்கள் பசியால் நிற்கவில்லை. ஒரு திருமணப் பேச்சின் பொருட்டு அழைப்புக்காகக் காத்திருக்கிறோம். தயவுசெய்து சற்று விலகி நிற்கிறீர்களா?"

"எவ்வளவு அழகா பேசறாரு! யார் உங்களுக்கு இங்கிலீஷ் கத்துக்கொடுத்தது?"

"நான்தான் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து வருடம்."

பத்தொன்பது பேரும் கைதட்டினார்கள். பிறகு அவருடைய தொப்பியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வெறுந்தலையில் ஆளுக்கொரு கையாக வைத்து உரத்த குரலில் ஜெபித்தார்கள். அவருடைய தாயார் போன பிறகு அந்தத் தலையை யாரும் தொட்டதில்லை. நகரலாம் என்றால் தம்பி மகனின் கல்யாணம் நின்றுபோகும். ஜாஃபெட் ம்தெம்பு கண்ணை மூடிக்கொண்டு, சூப்புக் குவளையைப் பிடித்தபடி நின்றார்.

உள்ளே எப்ராயீம் காதைத் தீட்டினார். "பாட்டுக்காரங்கள வேற கூட்டிட்டு வந்திருக்கான் ம்தெம்பு! அப்படியா சேதி? இன்னும் ஒரு அரைமணி நிக்கட்டும்."

ஆல்ஃபியஸ் திரைச்சீலையை விலக்கினார். அவர் பார்த்தது எல்லாம் ஒரே பார்வையில் மனதில் பதிந்தது: பலகை, எண், மஞ்சள் சட்டை, ஜாஃபெட்டின் வழுக்கைத் தலைமேல் பத்தொன்பது கை. பெண்ணைப் பெற்றவன் வெளியே வரக் கூடாது என்பது பாட்டன் பூட்டன் காலத்து முறை. அதை மீறி ஓடினார். கேட்டைத் திறந்ததும் ஹெய்டி அவரைக் கட்டிக்கொண்டாள். "நம்மளுக்காகவே சூட் போட்டிருக்காரு, பாருங்க!" என்று, மஞ்சள் டி-ஷர்ட் ஒன்றை அவர் தலைவழியாக மாட்டிவிட்டாள்.

ஒரே சட்டையில் இரண்டு பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"செலே" என்றார் ஜாஃபெட். முன்னோர் பெயர் போய் வெறும் பெயர் வந்துவிட்டது. "வீட்ல ஒண்ணுமில்லன்னு பலகை மாட்டியிருக்கீங்க. வந்தவனுக்கு வாசல்ல வெச்சு சூப்பு ஊத்தறீங்க. பெத்தவரே கதவத் திறக்கறீங்க, பெரியவங்க யாருமில்லாத வீடு மாதிரி. பொண்ணக் குடுக்க விருப்பமில்லன்னா ஒரு வரி எழுதியிருக்கலாமே. நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?"

"ம்வெலாசே" என்று ம்தெம்பு குலத்தின் முன்னோர் பெயரால் ஆல்ஃபியஸ் அழைத்தார், "நான் சொல்றதக் கொஞ்சம்..."

ஜாஃபெட் குவளையைக் கேட்டுத் தூண்மேல் வைத்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்தார். மஞ்சள் சட்டையைக் கழற்றிப் போட்டவர், கோட்டில் ஒட்டியிருந்த எண்ணை மறந்துவிட்டார். ஊர் முழுக்க 'ஒன்று' என்ற எண்ணோடுதான் வீடு போய்ச் சேர்ந்தார் என்று பிறகு தெரிந்தது. வழியில் வணக்கம் சொன்னவர்களில் பாதிப்பேர் அவரிடம் எண்ணும் எழுத்தும் கற்றவர்கள்.

அன்று மாலைக்குள் முன்சுவர் வெள்ளையாயிற்று. அதன்மேல் பத்தொன்பது பேரும் சிவப்பு வர்ணத்தில் உள்ளங்கையைத் தோய்த்து அச்சு வைத்தார்கள், அன்பின் நினைவாக. வீட்டைப் பார்த்தவர்கள் உள்ளே யாரையோ வெட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தார்கள். கூரை அப்படியே இருந்தது.

அடுத்த வாரம் நிலையத்தின் செய்தி மடல் வந்தது. ஒரு வீடு புதுப்பிக்கப்பட்டது, பட்டினி கிடந்த நான்கு முதியவர்கள் உணவு பெற்றனர், மாடுகளுக்கு விற்கப்பட இருந்த ஒரு சிறுமி காப்பாற்றப்பட்டாள் என்று போட்டிருந்தது. அட்டையில் ஜாஃபெட்டின் மூடிய கண்கள். 'முதல்முறையாக அன்பை ருசிக்கிறார்' என்று அடியில் எழுதியிருந்தார்கள்.

நொக்வாண்டா மருத்துவமனையிலிருந்து மடலைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டாள். சீருடையைக்கூடக் கழற்றவில்லை.

"எனக்குப் பதினாலு வயசாம். அப்பா, என் வார்டுல முப்பது பேர் என் கையால ஊசி போட்டுக்கறாங்க. எல்லாரும் 'சிறுமி, இங்க வா'ங்கறாங்க."

"சாபெலோ என்ன சொல்றான்மா?"

"அவன் என்ன சொல்லுவான்? ஆம்புலன்ஸ்ல உக்காந்து அழறான். பெரியப்பா சொல்லாம அவங்க வீட்ல ஒரு கோழி கூவாது." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்ககிட்ட நான் கூரையா கேட்டேன்? அவர் மேல பாத்தா பாத்துட்டுப் போறாரு. ஓட்டைக் கூரைய மறைக்கப் போயி என்னையே வித்துட்டீங்களேப்பா."

அவமதித்த வீடு ஆடு கொடுத்து அவமதிப்பைக் கழுவ வேண்டும் என்பது முறை. ஆல்ஃபியஸ் நல்ல கிடாயாகப் பார்த்து அனுப்பினார். மாலையில் ஆடு திரும்பி வந்தது. 'ஒன்றுமில்லாத வீட்டிலிருந்து ஆடு வாங்கித் தின்கிற நிலையில் ம்தெம்பு குடும்பம் இல்லை' என்று அதோடு வந்த ஆள் மனப்பாடமாக ஒப்பித்தான். ஆல்ஃபியஸ் அன்று சாப்பிடவில்லை. ஆட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

திங்கட்கிழமை காலை சூட்டு கோட்டைப் போட்டுக்கொண்டார். "அண்ணே, வாங்க" என்றார். "நம்ம குடும்பத்துக்கு இழுக்கு பண்ணவங்ககிட்ட முறைப்படி அபராதம் கேப்போம்."

இரண்டு பேரும் நிலையத்தின் முன்வாசலில் போய் நின்றார்கள். முறைப்படி அந்த வீட்டின் முன்னோரைச் சொல்லி அழைக்க வேண்டும். 'திறந்த கர'த்துக்கு முன்னோர் யார் என்று ஆல்ஃபியஸுக்குத் தெரியவில்லை. வாசலில் நன்கொடையாளர் பெயர்ப் பலகை இருந்தது. அதைப் பார்த்தே கூப்பிட்டார்.

"ஐக்கிய வங்கியின் வழி வந்தவர்களே! ஹோல்ம் சகோதரர்கள் பிஸ்கட் கம்பெனியின் பேரப்பிள்ளைகளே! வாசல்ல நிக்கறோம்! எங்க பேரக் கெடுத்தீங்க, எங்க பொண்ணோட வழிய மறிச்சீங்க. அபராதம் கேட்டு வந்திருக்கோம்!"

காவலாளி பக்கவாசலைக் காட்டினான். அதற்குள் சிவப்பு டி-ஷர்ட்டுகள் கைபேசியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தன. அன்று காலை இறங்கிய புதிய குழு, அவர்களோடு ஊருக்குத் திரும்பாத ஹெய்டியும். பத்தொன்பது வருடமாகியும் எங்கள் மொழி தெரியாத பாஸ்டர் கிளைவும் வந்தார். கண்ணை மூடி ரசித்துக் கேட்டார்.

"என்ன குரல்! என்ன ஆழம்! தாண்டேகா, இவர் என்ன சொல்றாரு?"

தாண்டேகா ஆல்ஃபியஸைப் பார்த்தாள், பிறகு தன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தாள். "நன்றி சொல்றாரு, பாஸ்டர்."

"தினமும் காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லு. புதிய விருந்தாளிகளுக்குப் பாரம்பரிய வரவேற்பு. சும்மா வேண்டாம். ஒரு காலைக்கு ஒரு தகரம்."

எப்ராயீம் தடியை ஓங்கிவிட்டார். "கூத்தாடின்னு நெனச்சியாடா எங்கள? வாடா தம்பி போலாம்!"

ஆல்ஃபியஸ் நகரவில்லை. "என்ன சொல்லணும், தாண்டேகா?" என்று கேட்டார்.

"உங்க இஷ்டம் பாபா. இவங்களுக்கு ஒண்ணும் புரியப் போறதில்ல."

"என் இஷ்டமா?"

"படிவத்துல அப்படித்தான் இருக்கு. 'உரை: பங்களிப்பாளரின் விருப்பப்படி.'"

மறுநாள் ஒன்பது மணிக்கு அவர் பச்சை டி-ஷர்ட்டில் வந்தார். கலாச்சாரப் பங்களிப்பாளர்களுக்குப் பச்சை. தடியை ஊன்றி, மார்பை நிமிர்த்தி, குலப்புகழ் பாடும் அதே ராகத்தில் ஆரம்பித்தார்.

"விருந்தாளிய வாசல்ல நிறுத்தி சூப்பு ஊத்தின வீடே! தகரத்தத் துருப்பிடிக்க விட்டுட்டு உறவு பேசற வாயே! கை திறந்திருக்கும், கொல்லை பூட்டியிருக்கும்! அடுத்தவன் கொம்ப இறக்கச் சொல்லி, தான் கடற்கரைல வீடு கட்டினவனே! உன் தொழுவத்துல புல்லு முளைக்கட்டும்! உன் பாட்டன்கிட்ட உன் பேரச் சொன்னா, அப்படி ஒருத்தன எனக்குத் தெரியாதுன்னு சொல்லட்டும்!"

எங்கள் மொழியில் அதற்கு மேலே ஒரு சாபம் கிடையாது. செத்த பிறகும் தன் குலத்தார் தன்னை அடையாளம் தெரியாது என்று சொல்லிவிடுவது.

"நன்றி சொல்றாரு" என்றாள் தாண்டேகா. விருந்தாளிகள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். ஆல்ஃபியஸ் ஒரு தகரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு முன்வாசல் வழியாகவே வெளியே போனார்.

இரண்டாம் நாள் வேலிக்கு வெளியே பத்துப்பேர் நின்று கேட்டார்கள். ஐந்தாம் நாள் வேலை வெட்டியில்லாதவர்கள் எல்லோரும் வந்தார்கள். எட்டாம் நாள் வேலை இருந்தவர்களும் வந்தார்கள். டாக்சிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டினார்கள். ஒவ்வொரு நாளும் ஆல்ஃபியஸ் புதிதாக ஒரு வரி சேர்த்தார், பாஸ்டரின் கார் கதவு முதல் ஹெய்டியின் கண்ணீர் வரை. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு சிரிப்பு வெளியே தெரியாமல், ஒவ்வொரு வரிக்கும் "அப்படியே ஆகட்டும்!" என்றது. "இந்தச் சமூகம் இவ்வளவு ஒன்றுபட்டு நான் பார்த்ததே இல்லை" என்று பாஸ்டர் மடலில் எழுதினார். எப்ராயீம்கூட நான்காம் நாளே பச்சை டி-ஷர்ட் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள். அன்று விருந்தாளிகளுக்கு விடைபெறும் நாள். கடைசி வரியைத் தாங்களும் பாட வேண்டும் என்று அவர்கள் ஆசைப்பட்டார்கள். ஒலியை எழுதி வைத்து ஒரு வாரமாகப் பழகியிருந்தார்கள். ஊருக்குப் போய்த் தங்கள் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பாடப் போவதாக ஹெய்டி சொன்னாள். பாஸ்டர் கிளைவ் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார்.

கூட்டம் திடீரென்று விலகி வழிவிட்டது. கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக ஜாஃபெட் ம்தெம்பு வந்தார். ஆல்ஃபியஸ் பாட்டைப் பாதியில் நிறுத்தினார். ஜாஃபெட் அவரைப் பார்த்தார். பச்சைச் சட்டையைப் பார்த்தார். அவருடைய மீசை ஓரம் லேசாக அசைந்தது.

"தெருக் கோடிலேர்ந்து கேட்டேன், என்டோசி" என்றார். "ஏன் நிறுத்திட்டீங்க? மூணாவது வரில இன்னும் கொஞ்சம் காரம் சேக்கலாம்." பிறகு, குரலை உயர்த்தாமல்: "சனிக்கிழமை வர்றோம். நாயக் கட்டி வைங்க. உங்க அண்ணன் எவ்வளவு நேரம் வேணா காக்க வைக்கட்டும். சூப்பு மட்டும் வேண்டாம்."

ஆல்ஃபியஸ் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"யார் இவர்? எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே" என்றார் பாஸ்டர்.

"உங்கள் மடலின் அட்டையில் பார்த்திருப்பீர்கள்" என்று ஜாஃபெட் ஆங்கிலத்தில் சொன்னார். "பாஸ்டர், ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். குறுக்கிடுவதை மன்னிக்க வேண்டும். எங்கள் வழக்கத்தில் இந்தக் கடைசி வரியைப் பாடுகிறவர் தன் பெயரையும் குடும்பப் பெயரையும் சேர்த்துப் பாட வேண்டும். அப்போதுதான் அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும்."

"அற்புதம்!" என்றார் பாஸ்டர். நெஞ்சில் கையை வைத்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு, கிளைவ் பென்ரோஸை அவருடைய பாட்டன் தெரியாது என்று சொல்லட்டும் என்று பாடினார். கூட்டம் "அப்படியே ஆகட்டும்!" என்றது. தாண்டேகா வாயைப் பொத்திக்கொண்டு அலுவலகத்துக்குள் ஓடினாள்.

"நன்றாக இருந்தது. ஆனால் 'தெரியாது' என்கிற இடத்தில் அழுத்தம் போதவில்லை" என்றார் ஜாஃபெட். "இன்னொரு முறை."

பாஸ்டர் இன்னொரு முறை பாடினார். ஜாஃபெட் தலையை ஆட்டி, தடியின் நுனியால் தரையில் தாளம் தட்டினார். மூன்றாம் முறை, நான்காம் முறை. முப்பத்தைந்து வருடம் ஆசிரியராக இருந்தவர். மாணவன் சரியாகச் சொல்லும்வரை அவர் விடவில்லை.